எந்த சேனல்னு அந்த அக்கா கேட்டது சரியான கேள்வி தம்பி

தூத்துக்குடில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. விஸ்காம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, கல்யாண ஆர்டர் பண்ணி சேத்த காசுல ஒரு கேமராவும் 35 எம்எம் லென்சும் வாங்கியிருக்காரு, உப்பளத்துல வேலை பாக்குறவங்கள ஒரு வருஷம் தொடர்ந்து படம் எடுக்கணும்னு ஆசை. அவர் எழுதுனத அப்படியே போடுறேன்:

“மொத நாள் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன் அக்கா. தலைச்சுமையோட வந்த ஒரு அக்கா நின்னு, ‘எந்த சேனல் தம்பி, எவ்ளோ வியூஸ் போகும், எங்களுக்கு என்ன குடுப்ப’ன்னு கேட்டாங்க. சேனல் இல்லக்கா, நான் டாக்குமெண்டரி போட்டோகிராஃபர்னு சொன்னேன். தலைல கட்டியிருந்த துண்ட முகத்துல இழுத்து விட்டுட்டு போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல கணக்கப்பிள்ளை பைக்ல வந்து எல்லா படத்தையும் டெலிட் பண்ண வச்சாரு. உங்க காலத்துல ஜனங்க வீட்டுக்குள்ளயே விட்டாங்கன்னு படிச்சிருக்கேன், இப்ப ஏன் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க? இந்த வேலைய இனிமே பண்ணவே முடியாதா? போன்ல மறைச்சு எடுன்னு ஃப்ரண்ட் சொல்றான், எடுக்கலாமா?”

தம்பி, கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன். எடுக்காதீங்க. மறைச்சு எடுத்த ஒரு படம் ஊருக்குள்ள தெரிஞ்சா உங்களுக்கு மட்டும் கதவு சாத்தாது, உங்களுக்கு அப்புறம் அந்த ஊருக்கு வர்ற பத்து பேருக்கும் சேத்து சாத்திடும். அது போக, அந்த அக்கா முகத்த மூடுனதே உங்களுக்கு ஒரு பதில், அதுக்கு மேல போன்ல எடுக்குறது அவங்க சொன்னத காதுல வாங்காததுக்கு சமம். அங்க கூலிய புடிச்சு வச்சுக்கிறாங்க, கொத்தடிமை மாதிரி வச்சிருக்காங்கன்னு உங்க கண்ணுல பட்டுச்சுன்னா அது வேற விஷயம், அப்ப நீங்க எடுக்குறது சாட்சியம், அத தனியா பண்ணாம தொழிற்சங்கத்து ஆளுங்களோட, ஒரு வக்கீலோட பேசிட்டு பண்ணுங்க. ஒரு வருஷம் கூட இருந்து எடுக்குற வேலைய ஒளிஞ்சு நின்னு பண்ண முடியாது.

இப்ப “உங்க காலத்துல”ங்குற விஷயத்துக்கு வர்றேன், இத பத்தி நான் ரொம்ப வருஷமா யோசிச்சுட்டு இருக்கேன்.

உண்மைதான், விட்டாங்க. 1995ல காசிமேட்டுக்கு நான் ஒரு எஃப்எம்2 கேமராவும் ரெண்டு ரோல் ப்ளாக் அண்ட் ஒயிட் பிலிமுமா போறப்ப என்கிட்ட யாரும் ஐடி கார்டு கேக்கல, எந்த பேப்பர்னு கூட கேக்கல, மீன் ஏலம் விடுற எடத்துல கூடை கூடையா தூக்கிட்டு ஓடுற பொம்பளைங்க நடுவுல ஒரு பொம்பள புள்ள தனியா நிக்குதேன்னு ஒரு அம்மா கைய புடிச்சு இழுத்துட்டு போய் டீ வாங்கி குடுத்தாங்க, அதுக்கு அடுத்த வாரம் அவங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டேன், அவங்க மக தலை சீவுறத, புருஷன் வலை பின்னுறத, எல்லாத்தையும் எடுத்தேன். யாரும் ஒரு வார்த்த கேக்கல. அதுக்கு பேரு நம்பிக்கைன்னு பல வருஷம் நான் நெனச்சுட்டு இருந்தேன்.

இப்ப அப்படி சொல்ல மாட்டேன். பாதி நம்பிக்கை, பாதி தெரியாமை. ஒரு போட்டோ எங்க போகும், எத்தன பேர் பாப்பாங்க, அதுக்கு கீழ என்ன எழுதுவாங்க, யாரு அதுல காசு பாப்பாங்கன்னு அந்த அம்மாவுக்கு தெரியாது. பேப்பர்ல ஒரு நாள் வரும், மறுநாள் அதுல வடை மடிச்சு குடுப்பாங்க, அவ்ளோதான்னு அவங்க கணக்கு. எனக்கும் அதுக்கு மேல தெரியாதுங்குறதுதான் நெசம். இன்னைக்கு உப்பளத்து அக்காவுக்கு தெரியும். அவங்க கைலயும் ஒரு போன் இருக்கு, அதுல அவங்கள மாதிரியே இருக்குற பொம்பளைங்கள யாரோ எடுத்து சோகப் பாட்டு போட்டு ரீல்ஸ் விட்டிருக்குறத பாத்திருக்காங்க, கீழ வர்ற கமெண்ட்டையும் படிச்சிருக்காங்க. “எந்த சேனல், எவ்ளோ வியூஸ், எங்களுக்கு என்ன”, இந்த மூணும் ஒரு படத்த பத்தி கேக்க வேண்டிய சரியான மூணு கேள்வி, 1995ல யாராச்சும் என்னைய இத கேட்டிருந்தா நான் இன்னும் நல்லா வேலை பாத்திருப்பேன்.

ஜனங்க அந்தக் காலத்துல கேமராவ நம்புனாங்கங்குறதே கொஞ்சம் நமக்கு நாமளே சொல்லிக்கிட்ட கதைதான். நம்ம ஊரு கதையையே எடுத்துக்கோங்க. 1876ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல அந்தப் பெரிய பஞ்சம் வந்தப்ப ஹூப்பர்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இருக்கு, எலும்பு துருத்திட்டு நிக்கக்கூட முடியாதவங்கள குடும்பம் குடும்பமா உக்கார வச்சு எடுத்தது. படத்துக்கு கீழ ஒருத்தர் பேரும் கிடையாது. அதே ஹூப்பர் பர்மாவுக்கு போய் 1886 வாக்குல மாண்டலேல கைதிங்கள சுட்டுக் கொல்றத படம் எடுத்து, அது லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் போய் நாறுச்சு. அதுக்கப்புறம் எக்மோர் மியூசியத்துக்கு தலைவரா தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரு, ஜாதி ஜாதியா ஆளுங்கள நிக்க வச்சு மூக்க அளந்தாரு, தலைய அளந்தாரு, போட்டோ எடுத்தாரு, 1909ல ஏழு வால்யூமா புஸ்தகம் வந்துச்சு. அந்த ஜனங்க நம்பி நின்னாங்கன்னு யாரால சொல்ல முடியும்? எதுத்து சொல்ல முடியாததால நின்னாங்க. கேமரா புடிச்சவன் கைல அதிகாரம் இருந்துச்சு. இன்னைக்கு அந்த அக்கா வேணாம்னு சொல்ல முடியுதுன்னா, நமக்கு வேலை கஷ்டமாயிடுச்சுன்னாலும், நடந்திருக்குறது நல்லதுதான்னு நான் முழுசா நம்புறேன்.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். 1936ல கலிபோர்னியால நிபோமோங்குற எடத்துல பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரங்க முகாம்ல டோரதியா லாங்கேங்குற போட்டோகிராஃபர் எடுத்த, ‘மைக்ரன்ட் மதர்’னு சொல்ற அந்த தாய் படம், காலேஜ்ல உங்களுக்கும் காட்டியிருப்பாங்க. லாங்கே அந்த அம்மா பேர கேக்கல, வயசு மட்டும் 32ன்னு எழுதிக்கிட்டாங்க. 1978ல அவங்க யாருன்னு வெளில தெரிஞ்சப்ப, அந்தப் படத்தால எனக்கு ஒரு காசும் வரல, எடுக்க விட்டிருக்கவே கூடாதுன்னு சொன்னாங்க. லாங்கே நல்ல மனசுக்காரங்கதான், அந்த முகாமுக்கு சாப்பாடு போய் சேர அந்தப் படம்தான் காரணம். ஆனா படத்துல இருந்த அம்மாவுக்கு 42 வருஷம் அது ஒரு பாரமா கூடவே இருந்திருக்கு. இந்த ரெண்டுமே ஒரே படத்துலதான் இருக்கு, ஒண்ண மட்டும் சொல்லிட்டு போனா தப்பு.

எனக்கு நடந்ததையும் சொல்லிடுறேன்.

சுனாமி வந்த மூணாவது நாள் நான் கடலூர் பக்கம் இருந்தேன். அந்த சமயத்துல அதே கடலூர்லதான் ராய்ட்டர்ஸ்ல இருந்த அர்கோ தத்தா அந்தப் படத்த எடுத்தாரு, மண்ணுல குப்புற விழுந்து ரெண்டு கையையும் விரிச்சு அழற அம்மா, ஓரத்துல செத்துப்போனவங்களோட கை மட்டும் தெரியும், 2004க்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது அதுக்குதான் கெடச்சுச்சு. நான் எடுத்தது அவ்ளோ பெரிய படம் இல்ல. ஒரு குப்பத்துல, புள்ளைய பறிகொடுத்த ஒரு அம்மா அந்தப் புள்ளையோட ஸ்கூல் பைய பிழிஞ்சு வேலில காயப் போட்டுட்டு இருந்தாங்க. பைல இருந்து மணல் கொட்டிட்டே இருந்துச்சு. எடுக்கட்டுமான்னு கேட்டேன், எடும்மா, எல்லாருக்கும் தெரியட்டும்னு சொன்னாங்க. ஒரு பத்திரிகைக்கு குடுத்தேன், போட்டாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு அதே படத்த வேற எதுக்கோ, வறுமையால படிப்ப நிறுத்துற புள்ளைங்கன்னு ஒரு கட்டுரைக்கு தூக்கிப் போட்டிருந்தாங்க, என்னைய ஒரு வார்த்த கேக்கல, அந்த அம்மா முகம் தெளிவா தெரியுது. அத ஒரு பொட்டலக் காகிதத்துல பாத்தது அந்த அம்மாவோட தம்பி. “எங்க அக்கா புள்ள படிப்ப நிறுத்தலம்மா, செத்துப் போச்சு”ன்னு எனக்கு போன் பண்ணி சொன்னாரு. கோவமா கூட பேசல. பஸ் புடிச்சு நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன், பத்திரிகைல கேட்டப்ப, படம் எங்க ஆர்க்கைவ்ல இருந்துச்சு போட்டோம்னாங்க. அன்னைல இருந்து நான் ஒரு படத்த யாருக்கு குடுத்தாலும், எதுக்காக போடுறீங்க, தலைப்பு என்ன, மறுபடி போடணும்னா என்னைய கேக்கணும்னு எழுதி வாங்காம குடுக்குறதில்ல. அந்த அம்மா என்கிட்ட சொன்ன சரிங்குற வார்த்த, சுனாமிய எல்லாருக்கும் தெரிய வைக்கிறதுக்கு சொன்ன சரி. வேற எதுக்கும் இல்ல.

அதுக்கப்புறம் வந்த மாத்தம் உங்க ஊருக்கு ரொம்ப நெருக்கமானது தம்பி, நீங்க அப்ப ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. 2018 மே மாசத்த நெனச்சுப் பாருங்க. புள்ள புடிக்கிற கும்பல் சுத்துதுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துன நேரம், போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க, பழவேற்காட்டுல வழி தவறி சுத்துன ஒருத்தர அடிச்சு பாலத்துல தொங்க விட்டாங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு வாரத்துல, மே 22, தூத்துக்குடில ஸ்டெர்லைட் போராட்டத்துல துப்பாக்கிச் சூடு, 13 உயிர் போச்சு. ஒரே மாசத்துல ரெண்டு பாடம் ஜனங்களுக்கு கெடச்சுது. தெரியாத ஆளு நம்ம புள்ளைய கேமரால எடுத்தா அவன் யாரோன்னு பயப்படணும்ங்குறது ஒண்ணு. போராட்டத்துல நம்ம முகம் ஒரு படத்துல இருந்தா ராத்திரி வீட்டுக் கதவ தட்டுவாங்களோங்குறது இன்னொண்ணு. 2021ல தமிழ்நாடு போலீஸ் ஒரு முகத்த வச்சு ஆள தேடுற சாஃப்ட்வேரையும் கொண்டு வந்துட்டாங்க, அதனால அந்த ரெண்டாவது பயம் வெறும் பயம் மட்டும் இல்ல. ஆனா அதே தூத்துக்குடில, வேன் மேல ஏறி நின்னு மஃப்டில ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி புடிச்ச காட்சி கேமரால பதிவாகலைன்னா நமக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? உங்க ஊரு ஜனங்க கேமராவோட ரெண்டு பக்கத்தையும் பாத்தவங்க. அவங்ககிட்ட போய் நான் நல்லவன், நம்புங்கன்னு சொன்னா பத்தாது.

2023 மார்ச்சுல வட மாநிலத் தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய்யா வீடியோ கெளப்பி விட்டாங்கல்ல, எங்கயோ நடந்தத எல்லாம் இங்க நடந்ததா போட்டு. அதுக்கு அப்புறம் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல நான் ரெண்டு வருஷமா பழகிட்டு இருந்த பசங்களே கேமராவ பாத்ததும் ரூமுக்குள்ள போயிட்டாங்க, ஒரு பையன் மட்டும் வந்து, தீதி, எங்க அம்மா ஊர்ல டிவி பாத்துட்டு அழறாங்க, இப்ப எந்த படமும் வேணாம்னான். வேணாம்னா வேணாம்தான்னு கேமராவ பைல வச்சுட்டு அவங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தேன். நாலு மாசம் கழிச்சு அந்தப் பையனே கூப்பிட்டான்.

இன்னொரு பக்கம் கேட், செக்யூரிட்டி, பர்மிஷன் லெட்டர்ங்குற கதை. எல்லார் கைலயும் கேமரா இருக்கு, ஆனா கொஞ்சம் பெருசா ஒரு கேமராவ தூக்குனா ஒடனே ஒருத்தர் வந்து பர்மிஷன் இருக்கான்னு கேக்குறாரு, பீச்சுல கேக்குறாங்க, ஸ்டேஷன்ல கேக்குறாங்க. கோயிலுக்குள்ள செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல மதுரை ஐகோர்ட் கிளை சொல்லிடுச்சு. சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன்: பொது எடத்துல படம் எடுக்குறதே குத்தம்னு பொதுவா ஒரு சட்டம் நம்ம நாட்டுல இல்ல. ஆனா உப்பளம் பொது எடம் இல்ல, சொந்த நெலமோ குத்தகை நெலமோ, உள்ள வராதன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. அதே நேரம் உங்க படத்த டெலிட் பண்ண வைக்கிற உரிமை கணக்கப்பிள்ளைக்கு கிடையாது, வெளிய போன்னு சொல்லலாம், அவ்ளோதான், அடுத்த தடவ அமைதியா மெமரி கார்ட கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு வெளிய நடந்துடுங்க, அவரோட மல்லுக்கு நிக்காதீங்க, நின்னா அந்தக் கோவம் அக்காங்க மேலதான் எறங்கும். உங்க ஊருல துறைமுகம், அனல் மின்நிலையம் பக்கம் கேமராவ தூக்காதீங்க, அங்க விளக்கம் சொல்லி தப்பிக்க முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க, வழக்குல சிக்குன கொழந்தைங்க, இவங்க அடையாளம் தெரியுற மாதிரி போடுறது போக்சோல இருந்து ஐபிசிக்கு பதிலா வந்த புது நியாய சன்ஹிதா வரைக்கும் தண்டனைக்குரிய குத்தம், முகத்த மறைச்சுட்டு வீட்டு வாசல காட்டுனாலும் அடையாளம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிங்க சேந்து சொன்னாங்க, அதுக்கு முன்னாடியே 1994ல நக்கீரன் கோபால் வழக்குல, நம்ம ஆட்டோ சங்கர் விஷயத்துல வந்த தீர்ப்புல, ஒருத்தர் வாழ்க்கைய அவர் சம்மதம் இல்லாம போடக்கூடாது, ஆனா பொது ஆவணத்துல இருக்குறத போடலாம், அரசாங்கம் முன்கூட்டியே தடுக்க முடியாதுன்னு ரெண்டையும் சொன்னாங்க. ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆனா லெட்டர் கெடச்சா கதவு தெறந்துடும்னு நெனைக்காதீங்க தம்பி. இதுதான் நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தது. மொதலாளிகிட்ட லெட்டர் வாங்கிட்டு போனீங்கன்னா அந்த அக்கா உங்கள மொதலாளி ஆளுன்னுதான் பாப்பாங்க, சரின்னு தலையாட்டுவாங்க, அந்த சரிக்கு எந்த மதிப்பும் இல்ல. லெட்டர் இல்லாம போனா ஒரு நாள் கூலி போகும் அவங்களுக்கு. நீங்க படத்த இன்ஸ்டால போட்டு, அத யாராவது கணக்கப்பிள்ளைக்கு அனுப்பி, அதுல அந்த அக்கா கால் வெடிப்ப காட்டுற மாதிரி இருந்தா, மறுநாள் அவங்களுக்கு வேலை இல்லன்னு சொல்லிட முடியும். நமக்கு ஒரு போஸ்ட், அவங்களுக்கு ஒரு சீசன். இத மொதல்ல நீங்க மனசுல போட்டுக்கணும், அப்புறம்தான் லென்ஸ் எல்லாம்.

அதனால உப்பளத்துக்கு இப்ப போகாதீங்க. மழைக்காலத்துல, ஐப்பசி கார்த்திகைல, அளம் ஓடாது, அப்ப அவங்க வீட்டுக்குப் போங்க, கேமரா இல்லாம போங்க. வேலை இல்லாத மாசத்துல எப்படி ஓட்டுறாங்க, எங்க கடன் வாங்குறாங்க, கண்ணு எரிச்சலுக்கு என்ன பண்றாங்க, இதெல்லாம் கேளுங்க, அதுதான் உங்க வேலையோட பாதி, அது தெரியாம எடுத்தா உங்க படமும் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல், பின்னாடி சூரியன், முன்னாடி ஒரு பொம்பள நிழல்னுதான் வரும், அந்தப் படம் ஏற்கனவே ஆயிரம் பேர் எடுத்தாச்சு. அவங்க சொல்ற கதைக்கு எதிரா போய் நம்ம மனசுல இருக்குற படத்த அவங்க மேல போடக்கூடாது. 2018ல ஒரு இத்தாலிக்காரர் எடுத்த படங்கள் வந்து பெரிய சண்டையாச்சே, உத்தரப் பிரதேசத்துலயும் மத்தியப் பிரதேசத்துலயும் ஏழைங்கள நிக்க வச்சு, முன்னாடி மேசைல பொய்யான பொம்மை சாப்பாடு வச்சு, கண்ண மூடி கனவு காணுங்கன்னு சொல்லி எடுத்தது. அவரும் பசிய பத்தி பேசத்தான் எடுத்தேன்னாரு. நோக்கம் நல்லதா இருந்தா மட்டும் படம் நல்லதாகாது.

பழனி குமாரோட வேலைய பாருங்க, மதுரை பக்கத்து பையன், அம்மா மீன் வித்து வளத்தாங்க, மலம் அள்ளுறவங்கள பத்தின கக்கூஸ் ஆவணப்படத்துக்கு கேமரா பண்ணாரு, அப்புறம் பாரிங்குற கிராமத்து செய்தித் தளத்துக்காக பாசி எடுக்குற பொம்பளைங்க, துப்புரவுத் தொழிலாளிங்கன்னு வருஷக் கணக்கா கூடவே இருந்து எடுக்குறாரு. அவர்கிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது, அந்தக் குடும்பத்துப் புள்ளைங்களுக்கே போட்டோ எடுக்க கத்துக் குடுக்குறாரு. தான் எடுக்குறதோட நிக்காம கேமராவ அவங்க கைலயே குடுத்துட்டாரு. நீங்களும் வெளியூர்ல இருந்து வந்தவர் இல்ல, அந்த உப்புக் காத்துலயே வளந்தவரு, அது எந்த லெட்டரையும் விட பெருசு. உங்க அம்மாவையோ அத்தையையோ கூட்டிட்டுப் போங்க, சொல்றேன்ல, ஒரு பொம்பள கூட இருந்தா வாசல்ல நிக்குற பேச்சு உள்ள போயிடும்.

“எங்களுக்கு என்ன குடுப்ப”ங்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க, மழுப்பாதீங்க. போஸ் குடுக்க காசு குடுக்குறதில்லைங்குறது நெறைய பத்திரிகைல விதி, அதுக்கு காரணம் இருக்கு, காசு குடுத்தா படத்துல இருக்குறது நெசமாங்குற கேள்வி வரும். நான் காசு குடுத்து எடுத்ததில்ல, ஆனா அவங்க வேலை நேரத்த தின்னதும் இல்ல. எடுத்த படத்துக்கு பிரிண்ட் குடுப்பேன், படம் வித்தா அதுல ஒரு பங்கு குடுப்பேன், விக்கலைன்னா ஒண்ணும் இல்ல, இத மொத நாளே சொல்லிடுவேன். எங்க போடப்போறேன்னும் சொல்லிடுவேன், புஸ்தகமா, கண்காட்சியா, ஆன்லைனான்னு தனித்தனியா கேப்பேன், மூணுக்கும் ஒரே சரி கிடையாது. நெறைய பேர் புஸ்தகத்துக்கு சரிம்பாங்க, ஃபேஸ்புக் வேணாம்பாங்க. ஒரு வருஷம் கழிச்சு வேணாம்னாலும் எடுத்துடுவேன், நல்ல படம் போச்சேன்னு வயிறு எரியும், ஆனா எடுத்துடுவேன். கூவாகத்துல இத நான் கத்துக்கிட்டேன். சித்திரை மாசம் கூத்தாண்டவர் கோயில் திருவிழால தாலி அறுக்குற நேரத்துல திருநங்கைங்க அழுதுட்டு இருப்பாங்க, ஒவ்வொருத்தர் முகத்துக்கு ஒரு அடி தூரத்துல எட்டு மைக், பத்து செல்போன். எனக்கு பத்து வருஷமா தெரிஞ்ச ஒருத்தங்க, கேமராவ தூக்கின என்னைய பாத்து கைய மட்டும் ஆட்டுனாங்க, இப்ப வேணாம்னு. எறக்கிட்டேன். சாயங்காலம் உளுந்தூர்பேட்டை லாட்ஜ்ல வளையல் இல்லாத கையோட, வெள்ளைப் புடவைல, ஜன்னல் பக்கம் உக்காந்து அவங்களே கூப்பிட்டு எடுக்க சொன்ன படம்தான் அந்த வருஷம் நான் எடுத்ததுலயே எனக்கு முக்கியமானது.

பாக்குறவங்க நம்பிக்கையும் இப்ப போயிட்டு இருக்கு, அதையும் சொல்லணும். 2023ல சோனி போட்டோ போட்டில பரிசு வாங்குன ஒரு ஜெர்மன் ஆளு, இது ஏஐ பண்ண படம்னு சொல்லி பரிச வேணாம்னுட்டாரு. அதே வருஷம் ஆம்னெஸ்டிங்குற மனித உரிமை அமைப்பு கொலம்பியா போராட்டத்துக்கு ஏஐ படம் போட்டு, போராடுனவங்க முகத்த காப்பாத்தத்தான் பண்ணோம்னு சொன்னாங்க, யாரும் ஏத்துக்கல, எடுத்துட்டாங்க. இன்னைக்கு நான் ஒரு படம் காட்டுனா, இது நெசமான்னு சின்னப் பசங்க கேக்குறாங்க. நீங்க ரா ஃபைல, அதாவது கேமரால பதிவான மூல ஃபைல, அழிக்காதீங்க, ஒரு நோட்டு வச்சு தேதி, எடம், யாரு, என்ன சொன்னாங்க, எதுக்கு சரி சொன்னாங்கன்னு அன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க. நாளைக்கு உங்க படத்த நெசம்னு நிரூபிக்க உங்க சாஃப்ட்வேர விட அந்த நோட்டும், படத்துல இருக்குறவங்க ஆமா இது நான்தான்னு சொல்றதும்தான் உதவும்.

போன வருஷம் காசிமேட்டுக்கு போயிருந்தேன். டீ வாங்கி குடுத்த அந்த அம்மா இப்ப இல்ல. அவங்க பேத்தி காலேஜ் படிக்குது. நான் பாட்டிய எடுத்த படத்த சுவத்துல மாட்டியிருக்காங்க, ஈரத்துல ஓரம் எல்லாம் பழுப்பேறி போயிருக்கு. உன்னைய ஒரு படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன். உங்க இன்ஸ்டா ஐடி என்னக்கான்னு கேட்டுச்சு. சொன்னேன். என் எதுக்கவே உக்காந்து நான் போட்ட படம் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி இருபது நிமிஷம் பாத்துச்சு, ரெண்டு படத்துல நிறுத்தி, இவங்ககிட்ட கேட்டீங்களா, இந்த பாப்பா யாருன்னு கேட்டுச்சு, பதில் சொன்னேன். அப்புறம், சரி எடுங்க, ஆனா எனக்கு காட்டிட்டுதான் போடணும்னுச்சு. 30 வருஷத்துல என்னைய அவ்ளோ கவனமா யாரும் பரிட்சை வச்சதில்ல. அந்த சரி மேல எனக்கு இருக்குற நம்பிக்கை அவங்க பாட்டி சொன்ன சரி மேல இருந்ததில்ல.

அந்த உப்பளத்து அக்கா வீடு எந்த தெருன்னு விசாரிச்சு வைங்க. ஐப்பசில போறப்ப வெறுங்கையோட போகாம உங்க வீட்டு ஆளுங்கள நீங்க எடுத்த படம் நாலு கொண்டு போங்க, நீங்க எப்படி பாக்குறீங்கன்னு அவங்களுக்கு தெரியட்டும். அவங்களுக்கு பிரிண்ட் குடுக்குற காலம் வந்தா நல்ல லேபா பாத்து போட்டு, ஃப்ரேம் பண்ணியோ லேமினேட் பண்ணியோ குடுங்க, அந்தக் காத்துல சும்மா பேப்பர் ஒரு மழைக்குக்கூட தாங்காது.